மதிப்பெண்ணுக்குப் பின்னால் சுழலும் சக்கரம்

(கல்வியும் வழிகாட்டலும் என்ற பொருளில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆசிரியர்கள், ஆலோசகர்கள். நான் கல்விமான் அல்லள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடர்புத்துறைப் பட்டயம் படித்துவிட்டு, பல ஆண்டுகளாகக் கேமரா முன்னால் நின்று பேசுகிறவள். ஆகவே என் தொழிலில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தோடு தொடங்குகிறேன்.

தீபாவளி நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். என் மைக்கில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். மைக்கை மாற்றினார்கள். இரைச்சல் போகவில்லை. இரண்டாவது மைக், மூன்றாவது மைக் என்று மாற்றியும் பயனில்லை. அப்போது ஒலிப் பிரிவில் இருந்த மூத்த அண்ணன் ஒருவர் எழுந்து வந்தார். மைக்கை அவர் தொடவே இல்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நடந்தார். அங்கே மேடை விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்குப் போகும் மின்கம்பியும் எங்கள் ஒலிக் கேபிளும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் பிரித்துப் போட்டார். இரைச்சல் நின்றது. "மைக்கை மாத்திக்கிட்டே இருந்தா விடிஞ்சுடும்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இரைச்சல் கேட்டது மைக்கில். பிறந்தது வேறு இடத்தில். நம் பிள்ளைகளின் மதிப்பெண் விஷயத்திலும் பல சமயம் இதுதான் நடக்கிறது. குறை தெரிவது பிள்ளையிடம். உடனே ஆசிரியரை மாற்றுகிறோம், துணைப்பாட நிலையத்தை மாற்றுகிறோம், பயிற்சிப் புத்தகத்தை மாற்றுகிறோம். கேபிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து பார்ப்பதில்லை. அப்படி நடந்து பார்ப்பதைத்தான் அமைப்புச் சிந்தனை என்கிறார்கள்.

புதிய பெயர், பழைய அறிவு

பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். பல பாகங்கள் ஒன்றை ஒன்று பாதித்துக்கொண்டு சேர்ந்து இயங்கினால் அது ஓர் அமைப்பு. குடும்பம் ஓர் அமைப்பு, வகுப்பறை ஓர் அமைப்பு. அதில் ஒரு பாகத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பழுது பார்க்க முடியாது.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளை வீட்டில் எடுத்துப் பாருங்கள். மருத்துவம் என்பது நான்கு கூறுகள் அடங்கிய காரியம் என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்பவர். நான்கில் ஒன்று சரியில்லாமல் போனாலும் நோய் தீராது. கல்விக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மாணவர், ஆசிரியர், பாடம், வீட்டார். நாமோ பெரும்பாலும் நோயாளியை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இக்காலத்தில் இதை ஒரு துறையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர். அவர் மின்பொறியாளர். 1956ஆம் ஆண்டில் அங்குள்ள நிர்வாகக் கல்லூரிக்கு மாறினார். அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கென்டக்கி தொழிற்சாலைகளில் ஒரு புதிர் இருந்தது. சில காலம் ஆட்கள் போதாமல் இரவு பகலாக வேலை நடக்கும். சில ஆண்டுகள் கழித்து ஆட்களைக் குறைக்க வேண்டிவரும். பிறகு மறுபடியும் ஆள் தட்டுப்பாடு. வெளிச் சந்தைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபாரஸ்டர் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். வெளியே பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும், நிறுவனம் ஆள் எடுக்கும் முறையும் சரக்கு இருப்பு வைக்கும் முறையுமே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கப் போதும் என்று கண்டார். சிக்கலை உண்டாக்கியவை அதைத் தீர்ப்பதற்காக எடுத்த முடிவுகளே.

இந்தச் சிந்தனை பிறகு பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது. எம்ஐடியில் பொறியியல் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற கோர்டன் பிரவுன், 1980களின் இறுதியில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் உள்ள ஆரஞ்சு குரோவ் நடுநிலைப்பள்ளிக்கு இதை எடுத்துச் சென்றார். ஒன்று கூடினால் இன்னொன்று என்னாகும், அது திரும்பி வந்து முதலாவதை என்ன செய்யும் என்று பிள்ளைகள் படம் வரைந்தும் கணினியில் மாதிரி அமைத்தும் பாடம் கற்றார்கள். 1990ஆம் ஆண்டில் பீட்டர் செங்கே எழுதிய 'ஃபிஃப்த் டிசிப்ளின்' என்ற நூல் இதை உலகெங்கும் பரப்பியது.

என் அக்காள் மகன்

இனி வீட்டுக்கு வருவோம். என் பெரியக்காவின் மகன் அப்போது தொடக்கநிலை ஐந்தில் இருந்தான். கணிதத்தில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு துணைப்பாட வகுப்பில் சேர்த்தார்கள். அடுத்த தேர்வில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது வகுப்பு. தொடக்கநிலை ஆறு தொடங்கியபோது வாரத்துக்கு நான்கு வகுப்புகள். வீடு வந்து சாப்பிட்டு, பள்ளி வீட்டுப்பாடம் முடித்துப் படுக்க இரவு பதினொன்றரை. காலையில் ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும்.

அக்காவிடம் கேட்டேன். "டியூஷன் போட்டும் இப்படி. போடலைன்னா இன்னும் எங்கே போயிருக்குமோ?" என்றார். இந்த நியாயத்தை நாம் எல்லோருமே பேசியிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தோம். மதிப்பெண் குறைகிறது. ஆகவே துணைப்பாடம் கூடுகிறது. ஆகவே தூக்கம் குறைகிறது. ஆகவே வகுப்பில் கவனம் சிதறுகிறது. ஆகவே பாடம் புரியவில்லை. ஆகவே மதிப்பெண் குறைகிறது. ஆகவே துணைப்பாடம் கூடுகிறது. வரைந்து முடித்ததும் அக்கா ஒன்றும் பேசவில்லை. அத்தான்தான், "நாமளே பெடல் மிதிச்சிருக்கோம் போல" என்றார்.

இதற்குச் செங்கே ஒரு பெயர் சொல்கிறார். பாரத்தை வேறிடத்துக்கு மாற்றுதல். முதுகு வலிக்கிறது, பெனடால் போடுகிறோம். வலி குறைகிறது. வலி குறைந்ததால் நாற்காலியைச் சரிசெய்யும் வேலையைத் தள்ளிப் போடுகிறோம். முதுகு இன்னும் கெடுகிறது. பெனடால் கூடுகிறது. உடனடி நிவாரணம், உண்மையான தீர்வைத் தேடும் அவசியத்தையே மறக்கச் செய்துவிடுகிறது.

துணைப்பாடமே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய கை. 1991ஆம் ஆண்டில் தொடங்கிய சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளால் எழுந்து நின்ற குடும்பங்களை என் நிகழ்ச்சிகளிலேயே சந்தித்திருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த வகுப்பு என் பிள்ளையைத் தானாக நடக்க வைக்கிறதா, அல்லது ஊன்றுகோலைப் பழக்குகிறதா?

கேள்வியால் திறந்த கதவு

அந்த வட்டம் பாதிக் கதைதான் என்பது பிறகு தெரிந்தது.

இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாட்சோலி என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் குடும்ப ஆலோசனையில் ஒரு வகைக் கேள்வி முறையை உருவாக்கினார்கள். 1980ஆம் ஆண்டில் அதைப்பற்றி எழுதினார்கள். இன்று கோச்சிங் என்ற பெயரில் கேள்வி கேட்டு வழிகாட்டுகிறவர்களில் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். "நீ ஏன் இப்படி?" என்று ஒருவரைப் பார்த்துக் கேட்பதில்லை. "இவர் இப்படிச் செய்யும்போது அவர் என்ன செய்வார்? அதைப் பார்த்து நீ என்ன செய்வாய்?" என்று உறவுகளுக்கு நடுவே இருக்கும் கோட்டைப் பற்றிக் கேட்பார்கள்.

நான் அதைப் பையனிடம் கேட்டேன். "அம்மா உன் தேர்வுத் தாளைப் பார்க்கும்போது அப்பா என்ன செய்வார்?"

"அப்பா அம்மாவைத் திட்டுவார், சித்தி."

"அம்மா?"

"அழுவாங்க."

"நீ?"

கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் இப்போல்லாம் தாளைக் காட்டுறதில்ல. அலமாரிக்குப் பின்னாடி போட்டுடுவேன்" என்றான்.

அலமாரியை நகர்த்திப் பார்த்தோம். பதினொரு தாள்கள். எதிலும் பிழைதிருத்தம் செய்யப்படவில்லை. ஒரே மாதிரிப் பிழை, பின்னக் கணக்குகளில், மறுபடியும் மறுபடியும். தாயும் தகப்பனும் சண்டை போடக்கூடாதென்று தாளை ஒளிக்கிறான். ஒளித்ததால் பிழை திருந்தவில்லை. திருந்தாததால் மதிப்பெண் இறங்குகிறது. இறங்குவதால் சண்டை. நேயர்களே, அவன் சோம்பேறி இல்லை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் குடும்பத்தில் அமைதியைக் காப்பாற்றும் வேலையைச் செய்துகொண்டிருந்தான். அந்த வேலைக்கு அவன் கொடுத்த விலை கணிதப் பாடம்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். "எப்போது நன்றாகப் போய்க்கொண்டிருந்தது?" குறையையே தோண்டாமல், குறை இல்லாத நாளைத் தேடும் கேள்வி இது. கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இன்சூ கிம் பெர்க்கும் அவர் கணவர் ஸ்டீவ் டி ஷேசரும் வளர்த்த முறை. அக்கா யோசித்துச் சொன்னார், "நாலாம் வகுப்புல." அந்த ஆண்டு என்ன வித்தியாசம்? அத்தான்தான் சொன்னார். அப்போது அவருக்குப் பகல் வேலை. வேலையிடத்தில் ஒரு சான்றிதழ் தேர்வு இருந்ததால், தினமும் மாலையில் மகனோடு அதே மேசையில் உட்கார்ந்து அவரும் படித்தார். மகனுக்கு அவர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "அவன் பாட்டுக்கு அவன் படிச்சான். என் பாட்டுக்கு நான் படிச்சேன்" என்றார். பிறகு இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மேசை காலியானது. அந்தக் காலி இடத்தில்தான் நான்கு வகுப்புகள் வந்து உட்கார்ந்தன.

என்ன மாற்றினார்கள்?

மூன்றே மாற்றங்கள். நான்கு வகுப்புகளில் இரண்டை நிறுத்தினார்கள். அத்தானின் ஓய்வு நாளிலும் அக்கா சீக்கிரம் வரும் இன்னொரு நாளிலும் எல்லோரும் மேசையில் உட்காருவது என்று முடிவானது. தேர்வுத் தாளை வந்த அன்றே பார்க்காமல் சனிக்கிழமை காலையில் பார்ப்பது, முதல் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றி இல்லாமல் "எந்த இடத்தில் தடுக்கியது?" என்றிருப்பது என்றும் பேசிக்கொண்டார்கள்.

உடனே மதிப்பெண் ஏறியதா? இல்லை. அடுத்த தேர்வில் மூன்று மதிப்பெண் குறைந்தது! அக்கா எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "உன் பேச்சைக் கேட்டேனே" என்று அழுதார். இந்த இடத்தில்தான் பலர் பின்வாங்குகிறோம். குளியலறையில் வாட்டர் ஹீட்டரைத் திருப்பியதும் சுடுநீர் வருவதில்லை. வரவில்லையே என்று இன்னும் திருப்புகிறோம். பிறகு கொதிக்கக் கொதிக்கக் கொட்டும்போது அலறுகிறோம். செயலுக்கும் விளைவுக்கும் நடுவே தாமதம் உண்டு என்பது அமைப்புச் சிந்தனையின் முக்கியப் பாடம். விதைத்த மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்ப்பவன் விவசாயி ஆகமாட்டான்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்தில் 6ஆம் நிலைதான் வரும் என்று பயந்திருந்தோம். 5ஆம் நிலை வந்தது. மாலை போட்டு ஊர்வலம் விடும் அளவுக்குப் பெரிய சாதனை இல்லை. ஆனால் அன்று அவன் முடிவுத்தாளைத் தன் கையாலேயே அப்பாவிடம் கொடுத்தான்.

நாடு மாறியது, நாம்?

ஒரு வீட்டில் நடப்பது ஒரு நாட்டிலும் நடக்கும். முன்பு இத்தேர்வில் 'டி-ஸ்கோர்' முறை இருந்தது. அது ஒரு மாணவர் மற்ற மாணவர்களோடு ஒப்பிடும்போது எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறினால் என் பிள்ளை இறங்கியதாகத் தோன்றும். நான் ஒரு வகுப்பு சேர்ப்பேன். அதைப் பார்த்து அவர் இரண்டு சேர்ப்பார். முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் அரங்கமே எழுந்து நிற்பது போல. கடைசியில் எல்லோருக்கும் கால் வலி, யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரிவதில்லை.

2021ஆம் ஆண்டில் அம்முறை மாறியது. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலைகள். 90 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்தால் 1ஆம் நிலை, 65 முதல் 74 வரை 5ஆம் நிலை. மற்றவர் என்ன எடுத்தார் என்பது அந்த நிலையைப் பாதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் தேர்வுகள் இல்லை. 2023ஆம் ஆண்டுக்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவர் திறனுக்கு ஏற்பப் படிக்கலாம்.

இவ்வளவு மாறியும், குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை குறையவில்லை. குடும்பச் செலவு ஆய்வின்படி 2017/18இல் ஆண்டுக்கு 1.4 பில்லியன் வெள்ளியாக இருந்தது, 2023இல் 1.8 பில்லியன் வெள்ளி. விலைவாசி உட்பட இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். என் காதில் விழும் காரணம் ஒன்று. டொனெல்லா மெடோஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1999ஆம் ஆண்டில், ஓர் அமைப்பை மாற்ற எங்கெல்லாம் கை வைக்கலாம் என்று பன்னிரண்டு இடங்களை வரிசைப்படுத்தினார். எண்களையும் அளவுகளையும் மாற்றுவது அந்த வரிசையில் மிகக் கீழே இருக்கிறது. அமைப்பின் நோக்கமும், அந்த அமைப்பைப் பிறப்பித்த மனப்பான்மையும் மேலே இருக்கின்றன. அமைச்சு எண்களையும் விதிகளையும் மாற்றலாம். "அவங்க பிள்ளை என்ன எடுத்திருக்கு?" என்று கல்யாண வீட்டில் கேட்கும் வாயை நாம்தான் மாற்ற வேண்டும்.

ஜன்னலோரத்து மேசை

இப்போது நான் சொல்லப்போவது எனக்கு எளிதான விஷயம் இல்லை.

எனக்கு ஒரு தம்பி. நான் விரைவுநிலையில் படித்தேன். அவன் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவில் படித்தான். எங்கள் மூவறை வீட்டில் ஒரே ஒரு படிக்கும் மேசை, ஜன்னலோரத்தில், விளக்கோடு. அது எனக்குக் கிடைத்தது. தம்பி கூடத்தில், தொலைக்காட்சிச் சத்தத்தில், தரையில் உட்கார்ந்து எழுதினான். நான் நன்றாகப் படித்ததால் மேசை எனக்கு. மேசை எனக்கு இருந்ததால் நான் நன்றாகப் படித்தேன். ஜெயிப்பவருக்கே மேலும் வசதி சேரும் சக்கரம் இது. "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அப்பா சொன்னார். பாசத்தோடுதான் சொன்னார், அவனை வற்புறுத்த வேண்டாம் என்ற நினைப்பில். அவனுக்குப் பதினான்கு வயதானபோது அப்பா அவன் மதிப்பெண் அறிக்கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கையெழுத்து மட்டும் போட்டார்.

1968ஆம் ஆண்டில் ராபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப்பள்ளியில், குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஓராண்டு கழித்து, கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். இதன் தாக்கம் எவ்வளவு பெரியது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் நாம் எதிர்பார்ப்பது நம் முகத்தில் தெரியும், முகத்தில் தெரிவது பிள்ளையின் மனத்தில் பதியும் என்பதற்கு எனக்கு ஆய்வு தேவையில்லை. எங்கள் வீட்டுக் கூடம் போதும்.

தம்பி தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, இன்று மின்தூக்கி பழுதுபார்க்கும் தொழில்நுட்பர். நள்ளிரவில் மின்தூக்கி நின்றுபோனால் கூப்பிடுவது அவனைத்தான். கதவு, கேபிள், மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய்க் காரணத்தைக் கண்டுபிடிப்பான். நான் இங்கே மேடை போட்டு விளக்கும் சிந்தனையை அவன் தினமும் கையால் செய்கிறான். ஆனால் அவனுடைய மகளின் பாலர் பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்கு அழைத்தபோது, "நீ போய்ட்டு வா. எனக்கு என்ன தெரியும்?" என்று மனைவியை அனுப்பிவிட்டான். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள். நான் பயப்படுவது இதற்குத்தான். பிரிவுகளை நாடு நீக்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சக்கரம் அடுத்த தலைமுறைக்குள் உருண்டு போய்க்கொண்டிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களும் ஆசிரியர்களும் இன்றைக்கே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஒரு தேர்வை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ஓராண்டு மதிப்பெண்களை ஒரு கோடாக வரையுங்கள். எந்த மாதத்தில் கோடு திரும்பியது, அந்த மாதத்தில் வீட்டிலோ பள்ளியிலோ என்ன மாறியது என்று பாருங்கள்.

இரண்டு, வட்டம் வரையுங்கள். 'ஆகவே' என்ற சொல்லை வைத்துத் தொடர்ந்து போங்கள், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் வரை. பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுங்கள். நமக்குத் தெரியாத அம்புக்குறி அவர்களிடம்தான் இருக்கும்.

மூன்று, அளவுகோல் கேள்வி கேளுங்கள். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் கணிதத்தில் நீ எங்கே இருக்கிறாய்?" பிள்ளை 'நாலு' என்றால், "ஏன் பத்து இல்லை?" என்று பாயாதீர்கள். "மூன்றாக இல்லாமல் நாலாக இருப்பதற்கு எது உதவுகிறது?" என்று கேளுங்கள். பிறகு, "ஐந்தாக என்ன வேண்டும்?" என்று கேளுங்கள்.

நான்கு, ஒரு சமயத்தில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றி, ஒரு தவணையாவது பொறுத்திருங்கள்.

ஐந்து, ஆசிரியரிடம் புகாரோடு போகாமல் அந்தப் படத்தோடு போங்கள். "என் பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்கிறானா?" என்று விசாரியுங்கள். ஆசிரியருக்கு வீடு தெரியாது, நமக்கு வகுப்பறை தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் படம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத்துகளை வாசிப்பதிலேயே பிள்ளை தொடர்ந்து தடுமாறினாலோ, பார்வையிலோ செவியிலோ குறை இருப்பதாகத் தோன்றினாலோ, வட்டம் வரைந்துகொண்டு மாதங்களைக் கடத்தாதீர்கள். உரிய நிபுணரிடம் உடனே காட்டுங்கள்.

"எல்லாம் அமைப்பின் குற்றம் என்றால் யாருக்கும் பொறுப்பில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. வட்டத்தில் உள்ள எல்லா அம்புக்குறிகளையும் ஒருவர் மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு வட்டத்திலும் என்னிடமிருந்து புறப்படும் ஓர் அம்புக்குறியாவது இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

என் அம்புக்குறியைத் தேடிப் போன மாதம் தம்பி வீட்டுக்குப் போனேன். அந்த மேசையைப் பற்றிப் பேசினேன். "அப்போ எனக்குப் புரியல தம்பி" என்றேன். "அதெல்லாம் விடுக்கா, எப்பவோ நடந்தது" என்றான். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, மின்தூக்கி ஏன் அடிக்கடி ஒரே மாடியில் நின்றுவிடுகிறது என்று மகளுக்கு அவன் படம் வரைந்து காட்டிய கதையைச் சொன்னான். பிள்ளை அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். "இதைத்தான் டீச்சர்கிட்ட சொல்லணும். அடுத்த சந்திப்புக்கு நீயே போறியா?" என்று கேட்டேன்.

"ஷிப்ட் எப்படின்னு பார்க்கிறேன், அக்கா" என்றான்.

முன்பு சொன்ன பதில் இது இல்லை. நான் காத்திருக்கிறேன். தாமதம் உண்டு என்று உங்களிடம் சொன்னவள் அல்லவா?